டாட்ஜ் காரின் கடிகாரம் இரண்டு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது: என்ன கோளாறு?

வண்டிப்பெரியாறு ஷெட்:

வணக்கம். எங்கள் ஷெட்டில் 1951ஆம் ஆண்டின் டாட்ஜ் கிங்ஸ்வே ஒன்று இருக்கிறது. தாத்தா ஓர் எஸ்டேட் மேலாளரிடம் ஓட்டுநராக இருந்தார். மேலாளர் சீமைக்குத் திரும்பியபோது தாத்தாவுக்கே விற்றுவிட்டுப் போன கார். என்ஜின், பிரேக், ஒயரிங் எல்லாம் சரிசெய்தாகிவிட்டது. 6 வோல்ட் அமைப்பை மாற்றவில்லை. பாக்கி நிற்பது டாஷ்போர்டு கடிகாரம் ஒன்றுதான்.

இதற்குச் சாவி கொடுக்கும் திருகு கிடையாது. முன்பக்கம் முள்ளைத் திருப்ப ஒரு குமிழ், பின்பக்கம் ஒயர் மாட்ட ஒரே ஒரு முனை, பல்புக்கு ஒரு ஹோல்டர். கழற்றி மேசைமேல் வைத்து, எமர்ஜென்சி விளக்கின் 6 வோல்ட் பேட்டரியை இணைத்தேன். உள்ளே 'டக்' என்று ஓர் உதை, உடனே டிக் டிக் என்று அழகாக ஓடத் தொடங்கியது. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு நின்றுவிட்டது. சிறிது நேரத்தில் பின்மூடி சுட்டது. பயந்து ஒயரைப் பிடுங்கிவிட்டேன். மறுபடி இணைத்தால் சில சமயம் உதைக்கிறது, சில சமயம் ஒன்றுமே இல்லை. கோட்டயத்தில் ஒரு கடையில் காட்டினேன். "இயந்திரம் தேய்ந்துவிட்டது, குவார்ட்ஸ் போட்டுத் தருகிறேன்" என்றார்கள். மனம் ஒப்பவில்லை.

இன்னொன்று. தாத்தாவின் கருவிப் பெட்டியில் வேறொரு பழைய காரின் கடிகாரமும் கிடைத்தது. டயலில் ஸ்மித்ஸ் என்று இருக்கிறது. இது சாவி கொடுக்கும் வகை. திருகு முழுவதும் இறுகி நிற்கிறது, மேலே ஏறவில்லை. குலுக்கினால் சில நொடி ஓடும், வைத்தால் நின்றுவிடும். அளவுக்குமேல் சாவி கொடுத்து ஓவர் வைண்ட் ஆகிவிட்டதா? இதன் முள்ளிலும் எண்களிலும் பழுப்பு நிறத்தில் ஏதோ பூசி, அது பொடியாக உதிர்கிறது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்துவிடலாமா?

சென்னைப் பழங்கார்:

கோட்டயத்துக்காரர்கள் சொன்னது தவறில்லை. என் காரிலும் குவார்ட்ஸ்தான். டயலும் முள்ளும் பழையவையே. பின்னால் மட்டும் புதிய இயந்திரம். நான்கு ஆண்டுகளாக நேரம் பிசகவில்லை. எழுபது வயதுப் பல்சக்கரத்தோடு மல்லுக்கட்டுவதற்கு வாழ்நாள் போதாது. காரை ஓட்டி மகிழுங்கள்.

கம்பம் கடிகாரக்காரர்:

தம்பி, அந்தக் கடிகாரம் தேயவில்லை. இரண்டு நிமிடம் அழகாக ஓடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தேய்ந்த இயந்திரம் அப்படி ஓடாது; இழுத்து இழுத்து ஓடும். உங்களுடையது பசியில் நிற்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பழுது முடிந்தது. இது மின்சாரக் கடிகாரம் என்று சொல்லப்பட்டாலும் உள்ளே இருப்பது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீல், அதை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங், பல்சக்கரம் கொண்ட அசல் இயந்திரக் கடிகாரம்தான். மின்சாரத்துக்கு அங்கே ஒரே வேலை, சாவி கொடுப்பது. எட்டு நாள் ஓடும் பெரிய மெயின் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் தாங்கும் சிறிய ஸ்பிரிங் ஒன்று இருக்கும். அது தளரத் தளர ஒரு கை மெல்ல நகர்ந்து வரும். முழுவதும் தளர்ந்ததும் அந்தக் கையிலிருக்கும் பாயிண்டும் (மின்சாரம் கடத்தும் உலோகத் தொடுமுனை) எதிரே இருக்கும் பாயிண்டும் தொடும். தொட்டவுடன் கம்பிச் சுருளான காயிலில் மின்சாரம் பாய்ந்து, காந்தம் அந்தக் கையை உதைத்துப் பழைய இடத்துக்குத் தள்ளும். ஸ்பிரிங் மறுபடி இறுகும், பாயிண்டுகள் பிரியும், மின்சாரம் நிற்கும். நீங்கள் கேட்ட 'டக்' அதுதான். நல்ல நிலையில் இருக்கும் காரில் என்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது உங்கள் கோளாறைப் பாருங்கள். ஒயரைக் கையால் இணைக்கும்போது மின்சாரம் சட்டென்று பாய்கிறது, உதை கிடைக்கிறது. இரண்டு நிமிடம் கழித்துப் பாயிண்டுகள் தாமாகச் சேரும்போது நிலைமை வேறு. அவை எறும்பு ஊர்வதுபோல் மெதுவாக வந்து தொடுகின்றன. முகத்தில் கறுப்பு ஏறியிருந்தால் அந்த லேசான தொடுதலில் முழு மின்சாரம் பாயாது. காந்தத்துக்கு உதைக்கும் அளவு பலம் வராது. ஆனால் காயிலைச் சூடாக்கும் அளவு மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும். உதைத்தால்தானே பாயிண்ட் பிரியும்? உதை இல்லை, ஆகவே பிரிவும் இல்லை. மூடி சுட்டது அதனால்தான். ஒயரைப் பிடுங்கினீர்கள், காயில் பிழைத்தது.

என் அப்பா காலத்திலிருந்து எங்கள் கடைக்கு வந்த கார்க் கடிகாரங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் செத்தன. இயந்திரம் பழுதாகி வந்தவை குறைவு. பீர்மேடு, ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு எஸ்டேட்டுகளில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை பிடித்தால் கார் ஷெட்டிலேயே நிற்கும். பேட்டரி இறங்கிக்கொண்டே வரும். கடிகாரம் மட்டும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உதை கேட்கும். ஒரு நாள் பேட்டரிக்கு உதைக்கத் திராணி இராது. பாயிண்டுகள் சேர்ந்தபடியே நின்றுவிடும். மிச்சமிருக்கும் மின்சாரமும் அந்த வழியே வடியும். காயில் கருகும், இல்லையென்றால் பாயிண்ட் ஒட்டிக்கொள்ளும். ஆவணி பிறந்ததும் குமுளி மலைப்பாதை வழியாகக் கடிகாரங்கள் இறங்கும். ஓட்டியதால் கெட்ட கடிகாரத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. நிறுத்தி வைத்ததால் கெட்டவைதான் அதிகம். சென்னைத் தம்பி காரை ஓட்டி மகிழச் சொன்னாரே, அந்த ஒரு வரியில் எனக்கும் முழுச் சம்மதம்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் பின்மூடியைக் கழற்றுங்கள். முன்வளையம் மடித்து இறுக்கப்பட்டிருந்தால் திருப்புளியைச் செருகி நெம்பாதீர்கள், கண்ணாடி போய்விடும். மெல்லிய பித்தளைத் தகட்டை வைத்து, வட்டம் முழுக்க ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று என்று கொஞ்சம் கொஞ்சமாக மடிப்பை எழுப்ப வேண்டும். டயலை விரலால் தொடாதீர்கள். எச்சில் தொட்ட பஞ்சு பட்டாலும் எழுத்து அழிந்துவிடும் வகை உண்டு.

பேட்டரி இல்லாமலே ஒரு சோதனை. தீக்குச்சியால் அந்தக் கையை உதை விழும் திசையில் மெல்லத் தள்ளி விடுங்கள். இயந்திரம் ஓடி, ஒன்றிரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தால் பல்சக்கரப் பக்கம் சுகம்; மின்சாரப் பக்கம் மட்டும் பார்த்தால் போதும். தள்ளியும் ஓடவில்லை என்றால் எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கிறது.

அடுத்து மல்டிமீட்டர். பாயிண்டுகளுக்கு நடுவே ஒரு தாள் துண்டைச் செருகிவிட்டுக் காயிலின் இரு முனைகளையும் அளக்க வேண்டும். சில ஓம் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. ஒன்றும் காட்டவில்லை என்றால் உடனே காயிலைக் குறை சொல்லாதீர்கள். சில வகைகளில் காயிலுக்குப் போகும் வழியில் எளிதில் உருகும் ஈயப்பற்று ஒன்றை ஃபியூஸ் போல வைத்திருப்பார்கள். சூடு ஏறினால் அது விட்டுவிடும். அங்கே மறுபடி பற்றவைத்தாலே கடிகாரம் எழுந்துவிடும். ஆனால் சாதாரண ஈயம் அதிகச் சூட்டில்தான் உருகும். அதை வைத்தால் அந்தக் காவல் போய்விட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

பாயிண்டைத் தேய்க்க உப்புத்தாள் வேண்டாம்; துகள் பதிந்து மறுநாளே தகராறு செய்யும். உங்கள் மெக்கானிக்கிடம் டிஸ்டிரிபியூட்டர் பாயிண்ட் தேய்க்கும் மெல்லிய அரம் இருக்கும். அதை இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும். பளபளவென்று கண்ணாடியாக்க முயலாதீர்கள். அந்த மெல்லிய உலோகம் தீர்ந்தால் கடையில் கிடைக்காது. பிறகு விசிட்டிங் கார்டிலிருந்து ஒரு கீற்று வெட்டி, ஸ்பிரிட்டில் நனைத்து, பாயிண்டுகளைச் சேர்த்துப் பிடித்து இழுங்கள். கறுப்பு வராத வரை.

சோதிக்க எமர்ஜென்சி விளக்கு பேட்டரி போதாது. காரின் பேட்டரியையே நன்றாகச் சார்ஜ் செய்து இணைத்துப் பாருங்கள். உதைக்கும் நேரம் கண்ணிமைக்கும் பொழுதுதான், ஆனால் அந்தக் கணத்தில் அது சில ஆம்பியர் கேட்கும்.

காயில் கருகியிருந்தால் அதுவும் முடிவல்ல. எங்கள் ஊரில் திராட்சைத் தோட்டத்து மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அவிழ்க்கும்போது சுற்றுகளை எண்ணி, கம்பியின் கனத்தை அளந்து, அதே கனத்தில் அதே அளவு சுற்றச் சொன்னால் கட்டித் தருவார்கள். பெரிய மோட்டார் கட்டுகிறவர்கள் இதைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே நன்றாகவும் கட்டுவார்கள்.

ஸ்மித்ஸ் கடிகாரத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதுவரை பிரஷ் போடாதீர்கள்.

குமுளி டீச்சர்:

பிரஷ் போடவே போடாதீர்கள். அந்தப் பழுப்புப் பொடி பெரும்பாலும் ரேடியம்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பழைய கடிகாரத்தைக் கொண்டுவந்து காட்டும் மாணவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்பார்கள்: இருட்டில் ஒளிரவில்லையே, இன்னும் எப்படி ஆபத்து? அந்தப் பூச்சில் இரண்டு பொருள்கள் உண்டு. ரேடியம் கதிரை வீசும். அதை வாங்கி ஒளியாக மாற்றுவது துத்தநாக சல்ஃபைடு. ஓயாமல் கதிர் பட்டுப் பட்டுச் சில பத்தாண்டுகளில் துத்தநாக சல்ஃபைடு பழுதாகிவிடும். ரேடியத்தின் அரை ஆயுளோ 1,600 ஆண்டு. எழுபது ஆண்டில் அது குறைந்தது மிகச் சொற்பம். ஆகவே விளக்கு அணைந்துவிட்டது, அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

கண்ணாடிக்குப் பின்னால், டாஷ்போர்டில் இருக்கும்வரை பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. பொடி மூக்குவழியோ வாய்வழியோ உடலுக்குள் போவதுதான் கெடுதல். உடல் அதைக் கால்சியம் என்று எண்ணி எலும்பில் சேர்த்துவிடும். 1920களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் டயலுக்கு இந்தப் பூச்சைத் தீட்டிய இளம்பெண்கள், முனை கூர்மையாக இருக்க பிரஷ்ஷை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். தாடை எலும்பு உதிர்ந்து, இரத்தசோகை வந்து பலர் இறந்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்குகள் தொழிலாளர் பாதுகாப்புச் சட்ட வரலாற்றில் இடம்பெற்றவை.

கண்ணாடியை வீட்டுக்குள் கழற்ற வேண்டாம், திண்ணையில் வைத்துத் திறங்கள். கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். ஊதக் கூடாது, சுரண்டக் கூடாது. உதிர்ந்த பொடியை ஈரத் தாளால் ஒற்றி எடுத்து, அந்தத் தாளை மூடியுள்ள பையில் வைத்துவிடுங்கள். சாப்பாட்டு மேசைப்பக்கமே கொண்டுபோகாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் டயலைத் தனியாக மூடிவைத்துவிட்டு இயந்திரத்தை மட்டும் பழுதுக்குக் கொடுப்பது நல்லது.

டாட்ஜ் கடிகாரத்திலும் ஒளிரும் பூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூணாறு மோட்டார்:

சாவிக் கடிகாரத்துக்கு இவ்வளவு பாடு எதற்கு? எங்கள் மாமா செய்யும் வைத்தியம்: மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை ஒரு டப்பாவில் போட்டு, கடிகாரத்தையும் உள்ளே வைத்து இரவு முழுக்க மூடிவிடுவார். காலையில் ஓடும். வீட்டில் இருக்கும் எல்லா டைம்பீஸுக்கும் அதுதான். பிறகு தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு.

கம்பம் கடிகாரக்காரர்:

டீச்சர் சொன்னதை அப்படியே கேளுங்கள். எங்கள் கடையில் இந்த வகை டயலைத் தனிப் பெட்டியில்தான் வைப்போம். மதியச் சாப்பாடு அந்த மேசையில் கிடையாது.

மூணாறு தம்பியின் மாமா வைத்தியம் பலிப்பது உண்மைதான். மண்ணெண்ணெய் ஆவி காய்ந்த எண்ணெயை இளக்கும், கடிகாரம் ஓடும். ஆனால் அழுக்கு எங்கேயும் போகவில்லை. இளகிய அழுக்கு அச்சுமுனைக்குள் இறங்கி, உப்புத்தாள் போல அரைக்கும். சில மாதம் ஓடிவிட்டு மறுபடி நிற்கும்போது அச்சு சுழலும் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கும். டைம்பீஸ் போனால் வேறு டைம்பீஸ் வாங்கலாம். இது கிடைக்காது.

தேங்காய் எண்ணெய் பற்றி: அது 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மூணாறில் மார்கழியில் தலைக்குத் தேய்க்கவே பாட்டிலை வெயிலில் வைக்க வேண்டியிருக்கிறது. அதைக் கடிகாரத்துக்குள் விட்டால்? தையல் இயந்திர எண்ணெயும் வேண்டாம். வைத்த இடத்தில் நிற்காமல் தகடு முழுக்கப் பரவும். அச்சு வறண்டுபோகும், ஹேர் ஸ்பிரிங் நனையும். கடிகாரத்துக்கென்றே செய்த எண்ணெய் உண்டு. மோபியஸ் என்ற சுவிஸ் எண்ணெய், கடிகார உதிரிபாகக் கடைகளில் சிறு குப்பியாகக் கிடைக்கும். வேகமாகச் சுழலும் மெல்லிய அச்சுக்கு மெல்லிய எண்ணெய், மெயின் ஸ்பிரிங் பக்கத்து மெதுவான தடித்த அச்சுக்குத் தடித்த எண்ணெய். ஊசிமுனையில் எடுத்துத் தொட்டு வைத்தால் போதும். பல்சக்கரத்தின் பற்களில் எண்ணெய் வைக்கவே கூடாது. பலர் முதலில் வைப்பது அங்கேதான்.

இப்போது ஓவர் வைண்ட். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். முழுக்கச் சாவி கொடுத்ததால் எந்தக் கடிகாரமும் கெடுவதில்லை. முழுக்கச் சாவி ஏறியும் ஓடவில்லை என்றால், ஸ்பிரிங்கில் பலம் நிறைந்திருந்தும் அது பேலன்ஸ் வீல்வரை வந்து சேரவில்லை என்று பொருள். நடுவே எங்கோ எண்ணெய் கோந்தாகியிருக்கிறது. குலுக்கினால் சில நொடி ஓடுகிறது என்று எழுதினீர்கள். பேலன்ஸின் அச்சு முறியவில்லை என்று நம்பலாம். முழு சர்வீஸ் செய்தால் ஓடும் கடிகாரம் அது.

ஆனால் அதை நீங்கள் வீட்டில் பிரிக்க வேண்டாம். டாட்ஜ் கடிகாரத்தின் சிறிய ஸ்பிரிங் விரலைச் சுண்டும், அவ்வளவுதான். எட்டு நாள் ஸ்பிரிங் அப்படியல்ல. இறுகிய நிலையில் தகட்டைக் கழற்றினால் பல்சக்கரங்களின் பல்லை உடைத்துக்கொண்டுதான் அவிழும். முதலில் திருகை நன்றாகப் பிடித்துக்கொண்டு, பல்லைத் தடுத்து நிற்கும் கொக்கியை விலக்கி, திருகைக் கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவிட்டுச் சாவியை இறக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் செய்து பார்க்காமல் கற்றுக்கொள்ளக் கூடியது இல்லை.

பிரித்தபின் ஒயிட் பெட்ரோலில் கழுவி, ஒவ்வொரு துளையையும் கூர் சீவிய மரக்குச்சியால் துடைத்து எடுப்போம். அந்தக் குச்சி வெள்ளையாகவே வெளியே வரும்வரை. இங்கே ஓர் எச்சரிக்கை. யூடியூப் பார்த்துச் செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பேலன்ஸுக்கு உதை கொடுக்கும் நெம்புகோலில் இரண்டு சிவப்புக் கற்கள் பதித்திருக்கும். அவற்றைப் பிடித்திருப்பது அரக்கு. அந்தப் பாகத்தை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் அரக்கு கரைந்து கற்கள் கழன்றுவிடும். பெட்ரோலில் அந்தத் தொல்லை இல்லை. பெட்ரோல் கிண்ணத்தைச் சமையலறையில் வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

சென்னைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. குவார்ட்ஸ் வைப்பது குற்றமில்லை. தினமும் ஓட்டும் காருக்கு நானே வைத்துக் கொடுத்திருக்கிறேன். கழற்றிய பழைய இயந்திரத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுக்காமல் குப்பையில் போடுகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்காதது. நொடிமுள் உள்ள கடிகாரத்தில் வேஷம் உடனே வெளுத்துவிடும்: பழைய இயந்திரம் பெரும்பாலும் நொடிக்கு ஐந்து தட்டு தட்டும், முள் வழுக்கிக்கொண்டு போகும், குவார்ட்ஸ் நொடிக்கு ஒருமுறை தாவும். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் அருங்காட்சியகம் அவிநாசி சாலையில் இருக்கிறது. ஒருமுறை போய் டாஷ்போர்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடங்கள். காரின் முகம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

சென்னைப் பழங்கார்:

என் பழைய இயந்திரத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன் ஐயா, குப்பைக்குப் போகவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்தபின் ஒரு கேள்வி. என் கார் முதலில் 6 வோல்ட். இப்போது 12 ஆக மாற்றியிருக்கிறோம். பழைய இயந்திரத்தையே மறுபடி வைத்தால் ஓடுமா?

கம்பம் கடிகாரக்காரர்:

ஓடும், அதுதான் வினை. 12 வோல்ட்டில் உதை இன்னும் மூர்க்கமாக விழும். சம்மட்டி அடி வாங்கும் அந்தக் கையும் பாயிண்டும் நீண்ட நாள் தாங்கா. காயிலை 12 வோல்ட்டுக்கு ஏற்ப மெல்லிய கம்பியில் அதிகச் சுற்றுகளாகக் கட்டுவது முறையான வழி. இல்லையென்றால் 12ஐ 6 ஆக இறக்கும் சிறிய கன்வெர்ட்டர் ஒன்றைக் கடிகாரத்துக்கு மட்டும் வையுங்கள். அது சில ஆம்பியர் தரக்கூடியதாக இருக்க வேண்டும். செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் மலிவுச் சரக்கு உதைக்கும் நேரத்தில் கைவிட்டுவிடும். பிறகு பாயிண்ட் சேர்ந்து நிற்கும் அதே கதைதான்.

வண்டிப்பெரியாறு ஷெட்:

ஐயா, ஓடுகிறது! தீக்குச்சி சோதனையில் இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஓடியது. காயில் 2 ஓம் காட்டியது. பாயிண்டு இரண்டும் அடுப்புக்கரி போல் கறுத்திருந்தன. மெக்கானிக்கிடம் அரம் வாங்கி இழுத்து, கார்டு கீற்றால் துடைத்தேன். கார் பேட்டரியில் இணைத்ததும் உதை. நேற்று மாலை முதல் நிற்கவில்லை. அம்மா ஷெட்டுக்கு வந்து ஓர் உதை கேட்டுவிட்டுப் போனார்.

டீச்சர், இந்த டயலில் ஒளிரும் பூச்சு இல்லை. எண்கள் வெறும் அச்சுதான். ஸ்மித்ஸ் கடிகாரத்தைப் பையில் போட்டு மூடி, பரணில் வைத்துவிட்டேன்.

இப்போது இரண்டு சந்தேகம். முதலாவது, நாளுக்குப் பத்து நிமிடம் வேகமாகப் போகிறது. இரண்டாவது, காரில் பொருத்தியபின் மழைக்காலத்தில் மறுபடி இதே கதி வராமல் என்ன செய்வது? பாயிண்டில் தீப்பொறி வராமலிருக்க, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு வைக்கச் சொல்கிறார் எங்கள் எலக்ட்ரீசியன்.

கம்பம் கடிகாரக்காரர்:

நல்லது. பத்து நிமிடம் வேகம் என்றால் உடனே ஃபாஸ்ட், ஸ்லோ நெம்புகோலைத் தொடாதீர்கள். அது சில நிமிடத் திருத்தத்துக்கு உள்ளது. இவ்வளவு பெரிய வேகத்துக்குக் காரணம் வேறாக இருக்கும். ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். எண்ணெய் பட்டோ காந்தம் ஏறியோ ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததற்குச் சமம். பேலன்ஸ் வேகமாக ஆடும். உங்கள் கடிகாரத்துக்குள்ளேயே காந்தச் சுருள் இருப்பதால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ஓடும்போது சிறிய திசைகாட்டியைப் பேலன்ஸ் அருகில் பிடியுங்கள். ஊசி அந்தத் தாளத்துக்கு நடுங்கினால் காந்தம்தான். கடிகாரக் கடைகளில் காந்தம் நீக்கும் சிறு பெட்டி இருக்கும். ஒரு நிமிட வேலை. எண்ணெய் என்றால் பேலன்ஸைக் கழற்றி ஒயிட் பெட்ரோலில் முக்கி எடுக்க வேண்டும். அதற்கு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ஹேர் ஸ்பிரிங் ஒருமுறை வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு.

அதன் பிறகு மிஞ்சும் நிமிடங்களுக்கு நெம்புகோல். மயிரிழை அளவு தள்ளி, ஒரு நாள் முழுதும் விட்டுப் பார்த்து, மறுபடி தள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல முடியாது. 1950களில் வந்த சில அமெரிக்கக் கடிகாரங்களில் குமிழைத் திருப்பி நேரம் திருத்தும்போதே வேகமும் சிறிது திருந்தும். உங்களுடையது அந்த வகையா என்று அறிய, முள்ளைத் திருப்பும்போது நெம்புகோல் நகர்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள்.

மழைக்கால விஷயம். 6 வோல்ட்டை 2 ஓமால் வகுத்தால் 3 ஆம்பியர். கடிகாரத்துக்கென்று தனியாக, மெதுவாக உருகும் வகையில் ஒன்றரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று வையுங்கள். உதைக்கும் கணத்தை அது தாங்கும். பாயிண்ட் ஒட்டி முழு மின்சாரம் நின்று பாய்ந்தால் உருகும். ஆனால் ஃபியூஸை மட்டும் நம்பாதீர்கள். பேட்டரி இறங்கியிருக்கும்போது பாயும் மின்சாரமே குறைவு. ஃபியூஸ் உருகாது, காயில் மட்டும் மெல்ல வேகும். எனவே டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச் வையுங்கள். காரை நான்கு நாளுக்குமேல் நிறுத்துகிறீர்கள் என்றால் கடிகாரத்தை அணைத்துவிடுங்கள். 'டக்' கேட்டவுடன் அணைப்பது நல்லது, பாயிண்டுகள் அப்போது பிரிந்திருக்கும். ஷெட் ஈரம் அவற்றைக் கறுக்கச் செய்யும் என்பதால், மழை முடிந்து முதல் முறை போடும்போது பக்கத்திலேயே நின்று இரண்டாவது உதை விழுகிறதா என்று பாருங்கள். முதல் உதையை நம்ப வேண்டாம். அது உங்களையே ஏமாற்றியதல்லவா.

டயோடு விஷயத்தில் எலக்ட்ரீசியன் சொல்வது சரி, ஆனால் அவர் புதுக்காரைப் பார்த்துப் பழகியவராக இருப்பார். அந்தக் காலத்து டாட்ஜ், பிளைமவுத் எல்லாம் பாசிட்டிவ் எர்த். உடல் முழுவதும் பேட்டரியின் பாசிட்டிவ் முனையோடு இணைந்திருக்கும். டயோடைக் காயிலின் இரு முனைகளுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். கோடு போட்ட பக்கம் உங்கள் காரில் பாயிண்டுக்குப் போகும் முனையில் வர வேண்டும். ஒயர் மாட்டும் முனைப் பக்கம் அல்ல. மாற்றி வைத்தால் முதல் உதையிலேயே மின்சாரம் காயிலை விட்டுவிட்டு டயோடு வழியே பாய்ந்து பாயிண்டை ஒட்டவைத்துவிடும். முதலில் பேட்டரியின் எந்த முனை உடலுக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள்; இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். பழைய கடிகாரங்கள் சிலவற்றில் செய்தவர்களே காயிலுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அது இருந்தால் டயோடே வேண்டாம்.

ஸ்மித்ஸைப் பரணிலிருந்து எடுத்து வர மனமிருந்தால் மழைக்கு முன்பே வாருங்கள். கம்பம் பஸ் நிலையத்தில் இறங்கிக் கடிகாரக்கடை என்று கேட்டால் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. டயலைக் கழற்றாமல், மூடிய பையிலேயே கொண்டுவாருங்கள்.

வண்டிப்பெரியாறு ஷெட்:

சித்திரையிலேயே வருகிறேன் ஐயா. இப்போதுதான் பேட்டரியைப் பார்த்தேன்: பாசிட்டிவ்தான் உடலுக்குப் போகிறது. எலக்ட்ரீசியனிடம் இந்தப் பதிவைக் காட்டிவிட்டுத்தான் டயோடைத் தொட விடுவேன்.